மிளகைக் கொன்றது அந்த டாக்டர் அல்ல

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்தத்தில், சாப்பாடு முடிந்து எல்லோரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தபோது, உன் வருங்கால மாமனார் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "மாப்பிள்ளை யாரு சாயல்? அம்மாவா, அப்பாவா?" நீ யோசிக்கவே இல்லை. "எங்கப்பா மாதிரி இருக்கணும்னுதான் ஆசை மாமா. இந்த வயசு வரைக்கும் எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வியர்த்துவிட்டதுபோலத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். உன் அம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பாக்குப் பொட்டலத்தைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். ஒரு வருஷமாகத் தெரியும். "உங்க மகன்கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் வாயத் தெறக்கமாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னவள், இன்றுவரை திறக்கவில்லை.

போனில் சொல்லலாம் என்று இந்த வாரத்தில் இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். ஒரு தடவை மண்டபத்துச் சமையல்காரரைப் பற்றிப் பேசினேன். இன்னொரு தடவை மழையைப் பற்றிப் பேசினேன். போனில் எனக்குப் பொய் சுலபமாக வந்துவிடுகிறது என்பதை நான் தெரிந்துகொண்டது உன் முயல் விஷயத்தில்தான். அதனால் எழுதுகிறேன். கையெழுத்து மோசமாக இருக்கும். முப்பது வருஷமாக ஜீப் ஸ்டியரிங் பிடித்த கை, பொறுத்துக்கொள்.

நீ உத்தமபாளையத்தில் கல்லூரி படிக்கும்போது கம்பத்தில் ஒரு கடையிலிருந்து அந்த இரண்டு முயலையும் வாங்கி வந்தாய். கறுப்புக்கு மிளகு என்றும் வெள்ளைக்குச் சீனி என்றும் பெயர் வைத்தாய். இரண்டும் பொட்டை என்று கடைக்காரர் சொன்னதை நம்பித்தான் ஒரே கூண்டில் விட்டோம். அதுகள் பழகிய விதத்தைப் பார்த்து நானே ஆச்சரியப்பட்டிருக்கிறேன். ஒன்று படுத்தால் மற்றது வந்து அதன் விலாவோடு ஒட்டிப் படுக்கும். மிளகின் காதைச் சீனி நக்கிவிடும். அது கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கொடுக்கும். ஒரு கீரைத்தண்டை இரண்டு முனையிலிருந்தும் தின்றுகொண்டே வந்து மூக்கோடு மூக்கு முட்டும். ஓசூர் வேலைக்கு நீ கிளம்பிய அன்று, பையைத் தூக்கித் தோளில் போட்ட பிறகும் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாய். "அப்பா, இதுக ரெண்டையும் எதுக்காகவும் பிரிச்சுப் போட்டுராதீக" என்றாய். சரி என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்ற யோசனையில் சொன்ன சரி அது.

அப்புறம் சீனி குட்டி போட்டபோதுதான் மிளகு ஆண் என்று தெரிந்தது. முதல் ஈற்றில் ஏழு குட்டிகள். லோயர்கேம்ப்பில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் வளர்க்க வாங்கிப்போனார்கள் என்று உன்னிடம் சொன்னேன். வளர்க்கப் போகவில்லை தம்பி, கறிக்குப் போயின. கொடுக்கும்போதே எனக்குத் தெரியும். இரண்டாவது ஈற்றில் ஒன்றும் தங்கவில்லை. சீனியும் எலும்பும் தோலுமாகிவிட்டது. இனி இப்படி விடக்கூடாது, இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்று நீ முடிவெடுத்தாய். முயலுக்கு ஆபரேஷன் செய்யத் தெரிந்தவர்கள் நம் பக்கம் கிடைக்காமல், மலைமேல் குமுளியில் இருந்த அந்த டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்து, ஒரு மணி நேரம் போனில் பேசி, கேட்டதையெல்லாம் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினாய்.

நீ எழுதியது இன்னமும் என் போனில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டுபோக வேண்டும். ஒரே நாளில் இரண்டுக்கும் செய்துவிடுவார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மனிதர்களைப்போல வயிற்றைக் காயப்போடக் கூடாது, முயல் வாந்தி எடுக்காது, அதன் குடல் நின்றால்தான் ஆபத்து. முடிந்ததும் அன்றே ஏதாவது கொறிக்க வேண்டும், புழுக்கை போட வேண்டும். போடவில்லையென்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். வலிக்கு மருந்து வேளை தவறக் கூடாது. எந்தக் காரணம் கொண்டும் ஒன்றைவிட்டு ஒன்றைப் பிரிக்கக் கூடாது; பிரிந்து வேறு வாசனையோடு வந்தால் தன் ஜோடியையே யாரோ என்று நினைத்துக் கடித்துவிடும். உன் அம்மா இதை இரண்டு தடவை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டு உம், உம் என்றேன். முயலுக்கு இத்தனை சட்டமா என்று மனதுக்குள் சிரித்தேன்.

மாசி மாதக் கடைசி. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. முந்தின நாள் சாயங்காலமே கூண்டிலிருந்த புல்லையும் கீரையையும் அள்ளி வெளியே போட்டேன். ஆபரேஷன் என்றால் வெறும் வயிறுதான் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். உன் அம்மா அன்றைக்குக் காமயகவுண்டன்பட்டியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். வந்தபிறகும் நான் சொல்லவில்லை. காலையில் கம்பத்திலிருந்து குமுளிக்கு ஒரு சவாரி வந்தது. இரண்டு முயலையும் வைத்த பெரிய பெட்டியை ஏற்றினால் ஆட்களுக்கு இடம் போதாது. அதனால் மிளகை மட்டும் ஒரு திராட்சை அட்டைப்பெட்டியில் போட்டு, முன்னால் என் காலடியில் வைத்துக்கொண்டேன். "ரெண்டையும்ல கொண்டுபோகச் சொன்னான்" என்று உன் அம்மா வாசலில் நின்று சொன்னாள். "ஆணுக்குப் பண்ணிட்டா சோலி முடிஞ்சுச்சுல்ல" என்று சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பினேன்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். மலையாளம் கலந்த தமிழில் பேசினாள். பெட்டியைத் திறந்து பார்த்ததும் முகம் மாறியது. "ரெண்டு பேரையும் சேர்த்துக் கொண்டு வரணும்னு மோன்கிட்ட பறஞ்சிருந்தேனே அச்சா?" என்றாள். என்னை அப்பா முறை வைத்து அச்சா என்றும், உன்னை மோன் என்றும்தான் கடைசிவரை சொன்னாள். மற்றதுக்கு மேலுக்குச் சரியில்லை என்றேன். முதல் பொய். "இவன் காலைல சாப்பிட்டானா?" என்று கேட்டாள். "நல்லா தின்னுச்சே டாக்டரம்மா" என்றேன். இரண்டாவது பொய். அவள் அதை நம்பித்தான் கத்தியை எடுத்தாள்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது தம்பி. பதினொரு மணிக்கெல்லாம் மிளகு கண் விழித்துத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. ஒரு துணியில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர்ப் பாட்டில் வைத்து, "சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். சாப்பிடறதப் பாத்துட்டு அனுப்பறேன்" என்றாள். அந்த நேரத்துக்கு எனக்குத் தேனிக்கு ஒரு குடும்பம் சவாரி பேசி நின்றுகொண்டிருந்தது. வீடு அரைமணி தூரம்தான், நேராக வீட்டுக்குத்தான் போகிறேன், வீட்டம்மா பார்த்துக்கொள்வாள் என்று நச்சரித்தேன். அரைமனதாக ஒத்துக்கொண்டாள். மருந்துக் கவரின் மேல் தன் நம்பரைப் பெரிதாக எழுதி, "ஆறு மணிக்குள்ள ஒண்ணும் தின்னலேன்னா விளிக்கணும். எந்நேரம் ஆனாலும் நான் வரேன்" என்றாள். கூப்பிடுகிறேன் என்று தலையாட்டினேன்.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. கூடலூரைத் தாண்டும்போது, நம் தெருமுனையில் நிறுத்திப் பெட்டியை இறக்கிக் கொடுத்திருக்கலாம். சவாரிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள் என்று சொன்னால் அதுவும் பொய். நான்தான் நிறுத்தவில்லை. தேனியில் அவர்கள் துணிக்கடைக்குள் போய் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. நான் டீக்கடை நிழலில் நின்றேன். மிளகு இஞ்சின் சூட்டில், அட்டைப்பெட்டிக்குள், ஜீப்பில் இருந்தது. ஒரு தடவை திறந்து பார்த்தேன். மூக்கு வேகவேகமாக ஆடிக்கொண்டிருந்தது. டீக்கடையில் தண்ணீர் வாங்கி மூடியில் ஊற்றி வைத்தேன். அது குடிக்கவில்லை.

அந்தி சாய்ந்துதான் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா ஆசையாக வாங்கிக் கூண்டில் விட்டாள். சீனி ஓடிவந்து மோந்து பார்த்தது. மருந்தும் டீசலும் கலந்த வாசனைக்கு அது உறுமியதைக் கேட்டு நான் திகைத்துப்போனேன். முயல் உறுமும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மிளகின் முதுகில் ஒரு கடி. ஓட முடியாமல் அது மூலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. நான் அதைத் தூக்கி மறுபடி அதே அட்டைப்பெட்டியில் போட்டு, பின்னால் மோட்டார் ரூமில் வைத்துக் கதவைச் சாத்தினேன். "அந்த நம்பருக்குப் போன் போடுங்க. மூணு தடவ கீரையை வாய்கிட்ட வச்சுட்டேன், தொடக்கூட மாட்டேங்குது" என்றாள் உன் அம்மா. போன் போட்டால் ஏன் இவ்வளவு நேரம் என்று டாக்டர் கேட்பாளே. விடிந்தால் சரியாகிவிடும் என்றேன்.

அப்போதுதான் உன் போன் வந்தது. "சாப்பிட்டானாப்பா?" என்று கேட்டாய். "கொத்தமல்லி தின்னாம்ப்பா. ஒரு கட்டு காலி" என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஒரு நிமிஷம் நான் உண்மையைச் சொல்லி, நீ டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் அது பிழைத்திருக்கும். கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் நான் செய்துவிட்டேன். அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். எழுந்து கிளம்பினேனே தவிர, மோட்டார் ரூம் கதவைத் திறந்து பார்க்கவில்லை. மலைமேல் பாதி வழியில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். "போயிருச்சுங்க" என்று மட்டும் சொன்னாள்.

உன்னிடம் என்ன சொன்னேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். "ஆபரேஷன்ல ஏதோ கோளாறு தம்பி. மயக்க மருந்த கூடப் போட்டுட்டாக போல" என்றேன். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த வார்த்தை இல்லை அது. நீ அழுவதைக் கேட்டதும் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அதைத் திரும்ப எடுக்க எனக்கு ஒரு வருஷம் இருந்தது. நீ டாக்டரம்மாவைக் கூப்பிட்டு என்னவெல்லாம் பேசினாய் என்று எனக்கே ஒப்பித்தாய். அவள் பெயரைப் போட்டு, போட்டோவைப் போட்டு, உயிரோடு விளையாடுகிறாள் என்று இன்டர்நெட்டில் எழுதினாய். அது நம் பக்கம் முழுக்கப் பரவியது. ஜீப் ஸ்டாண்டில் ஒருத்தன் போனை நீட்டி, "அண்ணே, இது உங்க மகன் எழுதினதா? அந்தம்மா அப்படியா?" என்று கேட்டான். "அப்படித்தான்" என்றேன். இரண்டு நாளில் நானே கையும் காலும் வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் போனில் பேசிக்கொண்டே ஊசி போட்டாள் என்றுகூட ஒருவரிடம் சொன்னேன்.

சீனிக்கு என்ன ஆயிற்று என்பதும் உனக்குப் பாதிதான் தெரியும். மிளகை நான் வருவதற்குள் கொல்லையில் புதைத்தாயிற்று. சீனி கூண்டுக்குள் மூலைமூலையாகத் தேடியது. பின்னங்காலால் தரையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டது. அப்புறம் ஒரு மூலையில் உட்கார்ந்ததுதான். கீரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அம்மா சேலை மாற்றிக்கொண்டு கூண்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "மேல அந்த டாக்டர்கிட்ட போறேன். நீங்க வரலேன்னா நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றாள். எந்த முகத்தோடு போவது என்றேன். அவளே கூண்டை ஜீப்பில் ஏற்றி உட்கார்ந்தாள்; நான் கிளப்பினேன். லோயர்கேம்ப் தாண்டி ஏற்றம் ஆரம்பித்த இடத்தில் சொன்னாள்: "எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்பவும் இப்படித்தான். கையெழுத்த போட்டுட்டு டிரிப் போனீக. மூணாம் நாள் வந்து ஆரஞ்சுப் பழம் குடுத்தீக."

உனக்கு அப்போது ஏழாம் வகுப்பு. தேனி ஆஸ்பத்திரியில் உன் சித்திதான் அவளோடு இருந்தாள். நான் ஊருக்கு வந்து உன்னிடம், "அம்மா பக்கத்துலயேதான் இருந்தேன்டா, கண்ணு மூடல" என்றேன். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாய். எனக்கு ஆஸ்பத்திரி வாசனை பயம். வலியில் கிடப்பவர்களைப் பார்த்தால் என்ன செய்வதென்று தெரியாது. அதனால் வேலை இருக்கிறது என்று ஓடிவிடுவேன். ஓடியதை மறைக்க ஒரு பொய் சொல்வேன். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்தான் மிளகு வரைக்கும் வந்தது. கல்யாணம் செய்யப்போகிறாய், அதனால் இதை மட்டும் அப்பன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி என்றாலும் பக்கத்தில் உட்கார். என்ன செய்வதென்று தெரியாவிட்டாலும் சும்மா உட்கார். உட்கார முடியாமல் ஓடிவிட்டாலும், ஓடினேன் என்று அவளிடமே சொல்லிவிடு.

அன்றைக்கு டாக்டரம்மா எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். நீ எழுதியது அவள் போனில் வந்து முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை. துரத்துவாள் என்று நினைத்தேன். அவள் சீனியைத் தூக்கி மேசையில் வைத்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். ஊசி போட்டாள். கீரையைக் கூழாக அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "மத்தவன் போனது இவ பாத்தாளா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் அம்மா. "கொஞ்ச நேரம் பக்கத்துல வச்சுக் காட்டியிருக்கணும். இப்ப அவன் எங்கேயோ இருக்கான்னு தேடுறா." அப்புறம், சீனியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அன்னிக்கு வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாங்க?" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தேன். "அந்தி சாஞ்சுதாம்மா வந்தாக. முந்தின நாள்ல இருந்து அது ஒண்ணும் திங்கல. எனக்கே அப்புறந்தான் தெரியும்" என்றாள் அம்மா. டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வெளியே வந்து ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

சீனி பிழைத்தது. உன் அம்மா ஒன்பது நாள் மடியில் வைத்துச் சிரிஞ்சால் ஊட்டினாள். ஆடியில் அதற்கும் ஆபரேஷன் ஆயிற்று, அதே டாக்டரிடம்தான். அம்மாவும் நானும் பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தோம். சீனி மயக்கம் தெளிந்து நாலு கொத்தமல்லி இலையை மென்ற பிறகுதான் கிளம்பினோம். சீனி தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டரம்மா, யாரோ தன்னிடம் விட்டுப்போன ஒரு கிழட்டுச் சாம்பல் முயலைக் கொடுத்தனுப்பினாள். அதற்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தது. நடுவில் கம்பிவலை வைத்து, இதன் துணியை அதற்கும் அதன் துணியை இதற்கும் மாற்றிப் போட்டு, ஒரு மாதம் பொறுத்தோம். இப்போது வலை இல்லை. பக்கத்து வீட்டில் கொடுத்தது என்று உன்னிடம் நான் சொன்னேனே, அந்த முயல்தான்.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் தனியாகக் குமுளிக்குப் போனேன். டாக்டரம்மா ஒரு ஆட்டுக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கீரையை அள்ளிப் போட்டதிலிருந்து ஜீப் ஸ்டாண்டில் பேசியதுவரை. அவள் வேலையை நிறுத்தவில்லை. முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு சொன்னாள்: "கூடலூர், கம்பம் பக்கத்திலிருந்து ஆள் வரதே நின்னு போச்சு அச்சா. என் அம்மைக்கு யாரோ அந்தப் போட்டோ காமிச்சு, அவங்க ரெண்டு நாள் சாப்பிடல. உங்க வீட்டம்மா அன்னிக்கு பறஞ்ச பிறகும் நான் ராத்திரி ஒவ்வொண்ணா ஆலோசிச்சுப் பாத்தேன், மருந்து அளவும் தப்பினதான்னு. ஒரு வருஷம்." நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் அதைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டாள். "என்கிட்ட பறஞ்சு என்ன? மோன்கிட்ட பறயணும்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அடுத்த ஆட்டைக் கொண்டுவரச் சொன்னாள்.

ஸ்டாண்டில் நான் சொன்னவர்களிடம் ஒவ்வொருத்தராகப் போய் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆனால் நீ எழுதியதை நீதான் எடுக்க முடியும்; எடுத்துவிட்டு, ஏன் எடுத்தாய் என்றும் எழுத வேண்டும். என் பெயரைப் போட்டே எழுது. மாப்பிள்ளையின் அப்பா இப்படியா என்று உன் மாமனார் வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு வருஷம் இருந்த தலைகுனிவில் அது கால்வாசிகூட இல்லை.

இதைப் படித்து முடித்ததும் உனக்கு என்னைக் கூப்பிட்டுத் திட்டத் தோன்றும். திட்டு, ஆனால் இன்றைக்கு வேண்டாம். அந்த டாக்டரின் நம்பர் எழுதிய மருந்துக் கவரை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். முதலில் அவளைக் கூப்பிடு.

அப்பா